கோழிக் கிறுக்கலுக்கும் ஒரு மைப்பேனா: புதிதாகத் தொடங்குவோருக்கு

கையெழுத்து நன்றாக இருந்தால் தலையெழுத்து நன்றாக இருக்காது என்று நம் வீடுகளில் ஆறுதல் சொல்வார்கள். அந்தக் கணக்கு உண்மையென்றால் என் தலையெழுத்து அமோகமாக இருந்திருக்க வேண்டும். மளிகைக் கடைக்கு நான் எழுதிக் கொடுத்த சீட்டில் அரைக் கிலோ வெல்லம் என்று இருந்தது. வீட்டுக்கு வந்து சேர்ந்தது அரைக் கிலோ வெந்தயம். கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. ‘வெ’ என்ற எழுத்துக்குப் பிறகு நான் போட்டிருந்த அலையை எப்படி வேண்டுமானாலும் படிக்கலாம்.

இந்தக் கையெழுத்தோடுதான் பல ஆண்டுகளாக மைப்பேனாவில் எழுதி வருகிறேன். முத்து முத்தாக எழுதுகிறவர்களுக்குத்தான் இதெல்லாம் பொருந்தும், நமக்கு எதற்கு என்று தயங்கி நிற்பவர்கள் எனக்குத் தெரிந்தே பலர் இருக்கிறார்கள். மைப்பேனாவில் கிடைக்கும் இன்பத்தில் பெரும்பகுதி எழுதி முடித்த பக்கத்தைப் பார்ப்பதில் இல்லை. எழுதிக்கொண்டிருக்கும்போதே விரல்களுக்குக் கிடைத்துவிடுகிறது. எழுத்தின் அழகுக்கும் அதற்கும் தொடர்பு குறைவு. ஆனால் கிறுக்கல் கையெழுத்துக்காரர் பேனாவையும் மையையும் தாளையும் தேர்ந்தெடுக்கும்போது சில இடங்களில் மற்றவர்களைவிட எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அந்த இடங்களை மட்டும் வரிசையாகச் சொல்கிறேன்.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை

இப்போது பயன்படுத்தும் பந்துமுனைப் பேனாவால் ஒரு நோட்டில் பத்து வரி எழுதிவிட்டு, தாளைத் திருப்பிப் பின்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். எழுத்துகள் புடைத்துக்கொண்டு தட்டுப்பட்டால் நீங்கள் அழுத்தி எழுதுகிறவர் என்று பொருள். கையெழுத்து சரியில்லாதவர்களில் பலர் இந்த வகையினர்தான். எழுத்து கட்டுக்குள் வரவில்லை என்ற பதற்றத்தில் பேனாவை இறுக்கிப் பிடிக்கிறோம், இறுக்கிப் பிடித்த கை அழுத்துகிறது, அழுத்தும் கை சீக்கிரம் வலிக்கிறது, வலிக்கும் கை இன்னும் மோசமாக எழுதுகிறது.

பந்துமுனைப் பேனாவின் மை பசை போன்றது. முனையில் உள்ள குண்டு தாளோடு உரசி உருண்டால்தான் அது வெளியே வரும், அதனால் ஓரளவு அழுத்தியே ஆக வேண்டும். மைப்பேனாவின் மை பெரும்பாலும் தண்ணீரும் சாயமும்தான். நிப்பின் நடுவே ஓடும் பிளவும், அதன் அடியில் நாக்குப் போல் ஒட்டியிருக்கும் கறுப்புப் பகுதியில் உள்ள மெல்லிய பள்ளங்களும் நுண்புழைத் தன்மையால் மையை முனைவரை கொண்டுவந்து நிறுத்திவிடுகின்றன. தாள் தொட்டவுடன் அதை உறிஞ்சிக்கொள்கிறது. மை வெளியேறும் அளவுக்கு உள்ளே காற்று திரும்பிப் போக வழி செய்ததுதான் 1884இல் லூயிஸ் வாட்டர்மேன் பெற்ற காப்புரிமையின் சாரம். நமக்கு வேண்டிய செய்தி ஒன்றுதான்: பேனாவின் எடையே போதும், உங்கள் பங்குக்கு எதுவும் சேர்க்க வேண்டியதில்லை. ஓலையில் எழுத்தாணியால் கீறியவர்களுக்கு அழுத்தம் தேவைப்பட்டது, புள்ளி வைத்தால் ஓலை பொத்துவிடும் என்று புள்ளியையே விட்டுவிட்டு எழுதினார்கள். தாளில் மையால் எழுதும் நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

எந்தப் பேனா

முதல் பேனா விலை குறைந்ததாக இருக்கட்டும். சிக்கனத்தைவிட எனக்கு இதில் வேறொரு காரணம் முக்கியமாகப்படுகிறது. விலை உயர்ந்த பேனாவைக் கையில் எடுத்ததும், இதற்கு ஏற்றபடி எழுத வேண்டுமே என்ற கூச்சம் வந்து உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் அந்தப் பேனா பெட்டியிலேயே கிடக்கும்.

பள்ளிப் பிள்ளைகளுக்கென்று கேம்லின் போன்ற நிறுவனங்கள் விற்கும் பேனாவிலேயே தொடங்கலாம். சற்றுக் கூடுதலாகச் செலவழிக்க முடிந்தால் ஜப்பானின் பிளாட்டினம் பிரெப்பி, பைலட் நிறுவனம் குழந்தைகளுக்காகச் செய்த காக்குனோ, ஜெர்மனியின் லாமி சஃபாரி ஆகியவை நம்பகமானவை. 1980இல் வந்த சஃபாரியும் முதலில் பள்ளி மாணவர்களை மனத்தில் வைத்தே உருவாக்கப்பட்டது. விரல் பிடிக்கும் இடத்தில் பட்டைகள் செதுக்கி, கட்டைவிரலும் சுட்டுவிரலும் தாமாகவே உரிய இடத்தில் உட்காரும்படி செய்திருக்கிறார்கள். பேனாவைத் தாறுமாறாகப் பிடித்துப் பழகியவர்களில் சிலருக்கு இது வரப்பிரசாதம். வேறு சிலருக்குக் கை கட்டிப்போட்டதுபோல் இருக்கும். முடிந்தால் கடையில் ஒரு நிமிடம் பிடித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

நம் ஊர்ப் பேனாக்களையும் மறந்துவிட வேண்டாம். சென்னைப் பாரிமுனையின் காமா, திருவள்ளூரின் ரங்கா, 1930களில் காந்தியின் சுதேசி அழைப்பையொட்டிப் பிறந்த ராஜமுந்திரியின் ரத்னம் ஆகிய பெயர்கள் மைப்பேனாப் பிரியர்களிடையே உலகம் முழுவதும் பழக்கம். கடைசல் இயந்திரத்தில் எபொனைட் என்ற கடினப்படுத்திய ரப்பரைக் கடைந்து செய்யும் இந்தப் பேனாக்கள் கைக்கு இதமானவை, பருமனானவை. பருமனான பேனாவை இறுக்கிப் பிடிப்பது கடினம் என்பது அழுத்தி எழுதுகிறவருக்குச் சாதகம். ஆனால் இவற்றில் பல, பில்லர் என்ற சொட்டுக் குழாயால் மையை நேரே உடலுக்குள் ஊற்றும் வகை. அதற்குத் தனிக் கவனம் வேண்டும், கீழே சொல்கிறேன். ஆகவே இவற்றை இரண்டாவது பேனாவாக வைத்துக்கொள்ளலாம்.

நிப்பில்தான் பாதி விஷயம் இருக்கிறது

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இந்தப் பகுதியை வைத்துக்கொள்ளுங்கள். மெல்லிய நிப்பு வாங்குங்கள்.

நடுத்தர நிப்புதான் வெண்ணெயாக வழுக்கும் என்று ஒரு கடையில் சொன்னதைக் கேட்டு நான் வாங்கிய முதல் நல்ல பேனா, உண்மையிலேயே வெண்ணெயாக வழுக்கியது. எழுதிய பக்கத்தைத்தான் படிக்க முடியவில்லை. காரணம் நம் எழுத்தின் அமைப்பில் இருக்கிறது. ஆங்கில எழுத்தில் வெள்ளை இடம் தாராளம். தமிழில் இரண்டு சுழி ‘ன’, மூன்று சுழி ‘ண’ என்று சுழியை எண்ணியே எழுத்தை அடையாளம் காண்கிறோம். சிறியதாகவும் நெருக்கமாகவும் எழுதுகிறவர் தடித்த நிப்பில் எழுதினால் சுழிக்குள் மை நிரம்பி அடைந்துவிடும்; ‘ண’வும் ‘ன’வும் ஒரே கறுப்பு முடிச்சாகத் தெரியும், மெய்யெழுத்தின் புள்ளி மேல்வரியின் ‘கு’வோடு போய் ஒட்டிக்கொள்ளும். அழகான கையெழுத்துக்காரர் பெரிதாக, இடம் விட்டு எழுதுவதால் தப்பித்துவிடுகிறார். நமக்கு அந்த வசதி இல்லை.

நிப்பு அளவுக்கு உலகப் பொதுத் தரம் எதுவும் இல்லை என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். சீன, ஜப்பானிய எழுத்துகளில் நெருக்கமான கோடுகள் பல இருப்பதாலோ என்னவோ, ஜப்பானிய நிறுவனங்கள் ‘ஃபைன்’ என்று குறிப்பது ஐரோப்பியரின் ‘ஃபைன்’ நிப்பைவிட ஒரு படி மெலிந்திருக்கும். ஜப்பானிய ‘மீடியம்’ ஏறத்தாழ ஐரோப்பிய ‘ஃபைன்’ அளவுக்கு வரும். தமிழில் பொடி எழுத்து எழுதுகிறவர்களுக்கு ஜப்பானிய ‘ஃபைன்’, அல்லது ஐரோப்பிய ‘எக்ஸ்ட்ரா ஃபைன்’ என்று வைத்துக்கொள்ளலாம். எழுத்து பெரிதாகவும் கோணல்மாணலாகவும் இருப்பவர் ஒரு படி தடித்ததற்குப் போகலாம்.

மெல்லிய நிப்பில் லேசான உரசல் ஒலி இருக்கும். அது குறையல்ல. என் அனுபவத்தில், கை பறக்காமல் இருக்க அந்தச் சிறு உரசல் கடிவாளம்போல் உதவுகிறது. தாளைக் கீறி இழை பிய்த்துக்கொண்டு வந்தால் மட்டும்தான் நிப்பில் கோளாறு என்று கொள்ள வேண்டும்.

முனை பட்டையாக வெட்டப்பட்ட நிப்பும், அழுத்தினால் விரியும் நிப்பும் அலங்கார எழுத்துக்கானவை. ஆசை வரும், தள்ளிப்போடுங்கள்.

மை

தொடக்கத்துக்கு ராயல் நீலம் போதும். கேமல், பெங்களூரின் பிரில், கொல்கத்தாவின் சுலேகா என்று நம் நாட்டு மைகளே நன்றாக ஓடக்கூடியவை. சுலேகாவுக்கும் 1930களின் சுதேசி இயக்கத்தில்தான் வேர். 60 மில்லி புட்டி ஒன்று வாங்கினால், ஒரு தடவைக்கு 0.8 மில்லி கொள்ளும் பேனாவை எழுபத்தைந்து முறை நிரப்பலாம். மை தீர்ந்துபோகும் என்ற கவலை இருக்கவே கூடாது, வீணாக்கி எழுதுவதில்தான் பழக்கம் வரும்.

நிறத்தைப் பற்றி ஒரு சொந்தக் கருத்து. கட்டைக் கறுப்பு கிறுக்கலை இரக்கமில்லாமல் காட்டிக்கொடுத்துவிடும். வெளிர் நீலம், சாம்பல், பழுப்பு போன்ற நிறங்களில் கோட்டின் நடுக்கம் அவ்வளவாகக் கண்ணில் படாது. மேலும் இத்தகைய மைகளில் ஒரே கோட்டின் தொடக்கம் வெளிறியும், மை தேங்கும் முடிவு அடர்ந்தும் உலரும். ‘ட’வின் மூலையிலும் ‘ய’வின் அடியிலும் நிறம் திரண்டு நிற்பதைப் பார்க்கும்போது, எழுத்து கோணலாக இருக்கிறது என்பதே மறந்துபோகிறது.

‘டிராயிங் இங்க்’, ‘இந்தியன் இங்க்’ என்ற பெயரில் விற்கும் வரைகலை மைகளை மட்டும் மைப்பேனாவில் ஊற்றவே கூடாது. அவற்றில் உள்ள அரக்குப் போன்ற பொருள் உள்ளே காய்ந்து இறுகினால் பேனா போனது போனதுதான். காசோலையிலும் பத்திரத்திலும் ராயல் நீலத்தைத் தவிர்க்க வேண்டும், தண்ணீர் பட்டால் அழிந்துவிடும்.

தாள்

மைப்பேனா தமக்கு ஒத்துவரவில்லை என்று கைவிட்ட பலர் உண்மையில் மோசமான தாளால் தோற்றவர்கள். மலிவான நோட்டில் மை இழை இழையாகப் பரவும், மறுபக்கத்துக்கும் ஊறும். ஏற்கெனவே படிக்கக் கடினமான எழுத்துக்கு மீசையும் தாடியும் முளைத்தால் என்னாகும்?

80 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 80 கிராம்) எடைக்குக் குறையாத தாளில் தொடங்கலாம். ஆனால் எடை மட்டுமே அளவுகோல் இல்லை. மை உடனே உள்ளிறங்காதபடி தாளின் மேற்பரப்பு பதப்படுத்தப்பட்டிருக்கிறதா என்பதுதான் முக்கியம். ஜப்பானின் டோமோயே ரிவர் தாள் 52 ஜி.எஸ்.எம். எடையிலேயே மையைத் தாங்கிப் பெயர் வாங்கியது. கடையில் சோதிக்க வழி எளிது. பேனாவை எடுத்துப் போய்க் கடைசிப் பக்கத்தின் மூலையில், கேட்டுக்கொண்டு, ஒரு ‘ண்’ எழுதிப் பார்க்க வேண்டும். மூன்று சுழியும் திறந்திருந்து, புள்ளி வட்டமாக நின்றால் வாங்கலாம். கரும்புச் சக்கையிலிருந்து செய்யும் தாள் மைப்பேனாவுக்கு ஒத்துப்போவதை நான் பல தடவை கண்டிருக்கிறேன். கரூர் மாவட்டத்தில் உள்ள டி.என்.பி.எல். ஆலையின் தாள் அந்த வகை.

கோடு போட்டதா, போடாததா என்று கேட்டால் கோடு போட்டதே. அதிலும் வரி அகலமாக உள்ளதை எடுங்கள். இரட்டைக் கோடு நோட்டு வாங்கவும் வெட்கப்பட வேண்டியதில்லை, வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அவர்கள் மேல் பழியைப் போட்டுவிடலாம்.

முதல் நாள்

புதுப் பேனாவை முதலில் சாதாரணத் தண்ணீரில் கழுவ வேண்டும். தயாரிப்பின்போது ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்கு உள்ளே இருக்கலாம்; இருந்தால் மை விட்டுவிட்டு வரும். பிறகு, திருகி உறிஞ்சும் வகையாக இருந்தால், நிப்பு முழுவதும் கழுத்துவரை மைக்குள் மூழ்கியிருக்கும்படி பிடித்துக்கொண்டு திருகவும். நிப்பின் நுனியை மட்டும் நனைத்தால் காற்றுதான் ஏறும். நிரம்பியதும் இரண்டு மூன்று சொட்டுகளைத் திரும்பப் புட்டியில் விட்டு, நிப்பைப் பழைய துணியில் ஒற்றி எடுக்கவும். பள்ளியில் தலைமுடியில் துடைத்துக்கொண்டோமே, அது வேண்டாம்.

பில்லரால் ஊற்றும் வகையென்றால், உடலும் கழுத்தும் சேரும் மரையில் மிகச் சிறிது சிலிகான் கிரீஸ் தடவிவிட்டு மூடினால் கசியாது. மையை மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கவிடாமல் நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். உள்ளே காற்று அதிகமாக இருக்கும்போது கையின் சூட்டில் அது விரிந்து மையை வெளியே தள்ளும். திடீரென்று ஒரு பெரிய சொட்டு நோட்டின் நடுவில் விழும். சித்திரை வெயிலில் சட்டைப் பையில் வைத்திருந்த பேனாவை எடுத்து எழுதும்போது இது நடப்பதில் வியப்பில்லை.

இப்போது பிடிப்பது. நிப்பின் பளபளப்பான முதுகு மேலே பார்க்க வேண்டும், பேனா தாளோடு சுமார் 45 பாகை சாய்ந்திருக்க வேண்டும். பந்துமுனைப் பேனாவைப்போல் செங்குத்தாக நிறுத்தினால் கீறும். எழுதிக்கொண்டிருக்கும்போதே இடையிடையே மற்றொரு கையால் பேனாவை மேலே இழுத்துப் பாருங்கள். எதிர்ப்பில்லாமல் உருவிக்கொண்டு வந்தால் பிடி சரி. என் கையில் அது வர மூன்று வாரம் ஆயிற்று.

முதல் பக்கத்தில் சொற்களே எழுத வேண்டாம். படுக்கைக் கோடுகள், வட்டங்கள், பிறகு ‘ட’, ‘ப’, ‘ம’ போன்ற மூலை எழுத்துகள், அதன்பின் ‘வ’, ‘ல’, கடைசியாக ‘ண’, ‘ழ’, ‘ஞ’. எழுத்து அழகாக வருகிறதா என்று பார்க்காமல், கோடு எங்காவது விடுபடுகிறதா, கை எங்கே இறுகுகிறது என்று மட்டும் கவனியுங்கள். எனக்கு ‘ழ’வின் கீழ்ச்சுழியில்தான் இறுகும், அந்த இடத்தில் மட்டும் வேண்டுமென்றே பாதி வேகத்தில் போவேன்.

இடது கையால் எழுதுகிறவருக்கு இரண்டு கூடுதல் சொற்கள். சீக்கிரம் உலரும் மையும் மெல்லிய நிப்பும் கட்டாயம், ஈரம் அதிகமானால் கை இழுத்துக்கொண்டு போகும். தாளை வலப்பக்கமாகச் சாய்த்துவைத்து, கை வரிக்குக் கீழே இருக்கும்படி எழுதிப் பழகினால் தொல்லை குறையும்.

எதை எழுதுவது

வாழ்த்து மடலோ திருமண மொய்க் கவரோ உங்கள் முதல் வேலையாக இருக்க வேண்டாம். யாரும் படிக்கப்போகாத எழுத்தில்தான் மைப்பேனா முழுமையாக இனிக்கும். அன்றாடச் செலவுக் கணக்கு, மறுநாள் வேலைப் பட்டியல், நாட்குறிப்பு, பேசிக்கொண்டே கிறுக்கும் தொலைபேசிக் குறிப்பு, பிடித்த பாடலின் ஓரிரு வரி. திருக்குறளைத் தினம் ஒன்றாக எழுதுவது எனக்குப் பிடித்த வழி. ஏழே சீர், இரண்டே வரி. சலிப்பு வருவதற்குள் முடிந்துவிடும், நாளைக்கும் எழுத ஒன்று மீதியிருக்கும்.

கையெழுத்து இதனால் திருந்துமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். எனக்குத் திருந்தவில்லை. வலி போயிற்று, வேகம் கொஞ்சம் குறைந்தது, வேகம் குறைந்ததால் சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி விழுந்தது; அவ்வளவுதான். அந்த இடைவெளியால் நான் எழுதியதை இப்போது நானே படிக்க முடிகிறது. கடைக்காரருக்கு மட்டும் இன்றும் வாட்ஸப்பில்தான் பட்டியல் அனுப்புகிறேன்.

கழுவுதலும் சில்லறைக் கோளாறுகளும்

மாதம் ஒருமுறையும், மையின் நிறத்தை மாற்றும்போதெல்லாமும் பேனாவைத் தண்ணீரில் கழுவுங்கள். உறிஞ்சுவதும் வெளியேற்றுவதுமாகத் தண்ணீர் தெளிந்து வரும்வரை செய்தால் போதும். காய்ந்துபோன பேனாவை ஒரு குவளைத் தண்ணீரில் இரவு முழுவதும் நிறுத்திவைக்கலாம். வெந்நீரும் ஸ்பிரிட்டும் ஆகாது, எபொனைட்டும் சில வகைப் பிளாஸ்டிக்கும் நிறம் மங்கும் அல்லது உருவம் கெடும்.

பக்கத்தின் கீழ்ப்பாதியில் மட்டும் மை விட்டுவிட்டு வந்தால் பேனாவைத் திட்டாதீர்கள். எழுதும்போது அங்கே ஊன்றியிருந்த கையின் வியர்வையும் எண்ணெயும் தாளில் படிந்திருக்கும். கைக்குக் கீழே ஒரு துண்டுத் தாளை வைத்துக்கொண்டு எழுதினால் சரியாகிவிடும். கடற்கரை ஊர்க்காரர்களுக்கு இது ஆண்டு முழுவதும் தேவை. பஜ்ஜி தின்ற கை என்றால் கேட்கவே வேண்டாம்.

சிந்திய மையை ஒற்ற வகுப்பறையில் சாக்பீஸை உருட்டியது நினைவிருக்கும். இன்றும் அது வேலை செய்கிறது, ஆனால் அதன் தூள் நிப்பின் பிளவுக்குள் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எழுதாதபோது மூடியைப் போட்டுவைக்கவும், சட்டைப் பையில் நிப்பு மேல்நோக்கி இருக்கவும், நிப்பு தரையைப் பார்த்து விழாமல் இருக்கவும் பழகிக்கொண்டால் மீதிக் கோளாறுகள் அநேகமாக வராது.

வங்கியிலோ தபால் நிலையத்திலோ பக்கத்தில் நிற்பவர், “சார், ஒரு நிமிஷம் பேனா” என்று கை நீட்டுவார். மறுப்பது முறையல்ல, கொடுத்தால் பழக்கத்தில் அழுத்தி எழுதி நிப்பை விரித்துவிடுவார். அதற்காகவே என் சட்டைப் பையில் ஐந்து ரூபாய்ப் பந்துமுனைப் பேனா ஒன்றும் எப்போதும் இருக்கும்.